ஒரு வருசம் கழித்துப் பார்த்த தையல்

"இது பொய் இருமலு. நல்லா இருமுங்க."

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா தன் கணவரிடம் இப்படிச் சொன்னார். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். பக்கத்திலிருந்தவர் என்னவென்று விசாரித்தார்.

"போன வருசம் உழவு மாடு இவுக வயித்துல முட்டிருச்சுண்ணே. தோலு கிழியல, உள்ள சதை கிழிஞ்சு குடலு பிதுங்கிருச்சு. இங்கதான் ஆப்பரேசன். வருசம் கழிச்சு எத்தன பேருக்குத் தையலு நிக்குதுன்னு பாக்குறாகளாம். நல்லா இருந்தாலும் வரச் சொன்னாக. இருமச் சொல்லித்தான் வயித்தப் பாப்பாக; இவுக இப்பவே மெல்ல இருமிப் பழகுறாக. அதான் வாடிப்பட்டியிலருந்து வாரோம்."

"இருமுறப்ப புடைச்சா மறுபடி அறுப்பாகளே," என்றார் கணவர்.

"புடைச்சாத் தெரியட்டும். நீங்க மறைச்சு வச்சு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் எங்க போவேன்?"

கணவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் உள்ளே போனார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பலமான இருமல் மூன்று முறை கேட்டது.

"தையல் கெட்டியா இருக்கு," என்றார் டாக்டர். "பளு தூக்குறீங்களா?"

"எங்கய்யா. தண்ணிக் கொடத்தக்கூட இவ தொட விடல. ஒரு வருசமா அம்புட்டையும் இவளே தூக்குறா."

"இனிமே தூக்கலாம்மா, பயப்படாதீங்க."

"நெசமாவாய்யா?" என்று அந்த அம்மா இரண்டு முறை கேட்டார்.

வெளியே வந்ததும் கணவர் மனைவியின் கையிலிருந்த துணிப்பையை வாங்கப் போனார். அந்த அம்மா விடவில்லை.

"விடு புள்ள. டாக்டரே சொல்லிட்டாரு."

பையின் ஒரு காதை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு, மறு காதைப் பிடித்தபடியே அந்த அம்மா படியிறங்கினார்.