பின்சீட்டுத் திருத்தம்

"பாட்டைக் குடுன்னா குடுக்க மாட்டேங்குற, பதினோரு மாசமா நானும்…"

"குடுக்க மாட்டேன்னு எப்ப அத்தை சொன்னேன், வேலை முடியலைன்னுதானே…"

"என்னா வேலை? பாடுனவன் பாடிட்டுப் போயிட்டான். அதுல நீ என்னா வேலை பாக்கப் போற?"

"கலந்துதான் வெச்சுட்டுப் போனாரு. மாஸ்டரிங் பண்ணல. அப்படியே போட்டா ஒரு ஸ்பீக்கர்ல கேக்கும், ஒரு ஸ்பீக்கர்ல கேக்காது."

"எனக்கு ஒரு ஸ்பீக்கர்ல கேட்டா போதும்."

கிழவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிழவி பேர் வீரம்மாள். நம்ம தெருக் கஸ்தூரியம்மாளுக்கு ஓரகத்தி. அதனால் இது காற்றுவாக்கில் வந்த கதை இல்லை, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. இருபத்திரண்டு வருஷம் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கினவள். ஒரே பையன், வளவன். எதிர்த்துப் பேசினாளே, அவள் மணிமொழி, வளவனின் பெண்டாட்டி.

மந்தாரக்குப்பத்தில் வாடகை மாடி. ஒரு ரூமில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, கம்ப்யூட்டர் வைத்து, அம்மன் பாட்டு, கல்யாணப் பாட்டு, சாவு வீட்டுப் பாட்டு எது வந்தாலும் பதிந்து கொடுப்பார்கள். பாடுவதைப் பதிந்து, குரலையும் மேளத்தையும் அளவாகக் கலப்பது வளவன். அந்தக் கலவையை வெளியே அனுப்புகிற பக்குவத்துக்குக் கொண்டுவருகிற கடைசி வேலை, மாஸ்டரிங், அது மணிமொழி.

"கலந்தவன் காது கெட்டுப்போன காது, மணி. நூறு தடவ கேட்டுட்டேன். இனிமே எனக்கு எதுவும் கேக்காது. நீ கேளு" என்பான்.

அவள் கேட்பாள். திருத்துவாள். அவன் பின்னால் நின்றுகொண்டு, அவள் நாற்காலி முதுகில் விரலால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் சரி. ரெண்டு தட்டு என்றால் சரியில்லை.

ரூமில் கேட்டது போதாது என்று பழைய ஆம்னி வேனிலும் ஒரு தடவை கேட்டாக வேண்டும் அவனுக்கு. பென்டிரைவைச் சொருகிக்கொண்டு, ரெண்டாம் ஷிப்ட் பஸ்ஸெல்லாம் போன பிறகு, மண்மேட்டு ஓர ரோட்டில் ஒரு சுற்று. அந்த நேரத்தில்தான் அங்கே லாரி இருக்காது.

அதே ரோட்டில்தான் போன ஐப்பசி மழையில் அவன் பைக் பள்ளத்தில் இறங்கியது. லேப்டாப், போன், எல்லாம் நொறுங்கிப் போயின. சட்டைப் பையில் இருந்த பென்டிரைவ் மட்டும் முழுசாக வந்தது. அதில் ஒரே ஒரு பாட்டு. ஊரார் குரலையெல்லாம் பதிந்தவன், கல்யாண வீடியோவில்கூட வாயைத் திறக்காதவன், முதல்முதலாகத் தானே எழுதித் தானே பாடியிருந்தான். ராத்திரி நேரங்கழித்து வீட்டுக்கு வருகிற ஒருத்தனின் பாட்டு. மூன்றாம் சரணத்தில் அவன் கதவைத் திறக்கிறான். உள்ளே அம்மா தூங்குகிறாள். எழுப்பிவிடக் கூடாது. அந்த வரியைப் பாட்டாகவே பாடியிருக்க மாட்டான்… மூச்சோடு மூச்சாகச் சொல்லியிருப்பான்.

அதை வீரம்மாள் கேட்டதே இல்லை. மணிமொழியும் பதினோரு மாசமாகப் பென்டிரைவைத் தொடவில்லை. வருஷத் திதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் கிழவி விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். திதியன்றைக்கு எம்புள்ள குரலை நான் கேக்கணும், நாலு சனம் கேக்கணும். அவ்வளவுதான்.

சண்டை போட்ட அன்றைக்கு ராத்திரியே மணிமொழி உட்கார்ந்தாள். பெரிதாக எதுவும் செய்யவில்லை. அடியில் இரைகிற காற்றைக் கொஞ்சம் வெட்டினாள். உறுத்துகிற இடத்தைக் கொஞ்சம் தணித்தாள். அதே பேரிலேயே சேமித்தாள். பென்டிரைவை எடுத்துக்கொண்டு வேனைக் கிளப்பினாள்.

மணி பதினொன்று பத்து.

மண்மேட்டு ரோடு… இடது பக்கம் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டின மண், மலை மலையாக. வலது பக்கம் முந்திரி. விளக்கு கிடையாது. மழை விட்டு, நிலக்கரி ஈரத்தில் ஊறின நெடி. தூரத்தில் கன்வேயர் பெல்ட் ஓடுகிற சத்தம், ம்ம்ம்… என்று. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது சத்தமே இல்லை. நின்றால்தான் தூக்கம் கலையும்.

பாட்டு ஓடியது. மூன்றாம் சரணம் வந்தது. வேனுக்குள் ஒரு வாசனை… ஈயம் உருகுகிற வாசனை. வயர் பற்றவைத்துவிட்டு வந்தால் வளவன் சட்டையில் அடிக்குமே, அது.

அவள் சீட்டு முதுகில்…

டக். டக்.

அவள் பிரேக் போடவில்லை. போட்டால் போய்விடுவானோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"என்னங்க… என்ன குறை?"

பின்னாலிருந்து, நூல் மாதிரி, அடுத்த ரூமில் ஆள் தூங்குகிற மாதிரி…

"மணி…"

இன்னும் ஏதோ சொன்னான். பெல்ட் சத்தத்தில் அமுங்கிவிட்டது. பாட்டு முடிந்தது. வாசனையும் போய்விட்டது.

மறுநாள் முழுக்க அவளுக்கு ஒரே யோசனை. என்ன சொன்னான்? ஏன் கேட்கவில்லை? சரிதான், பாட்டில் அவன் குரல் ரொம்பக் கீழே கிடக்கிறது. அங்கே தூக்கிவிட்டால் பின்சீட்டிலும் கேட்கும்.

எப்படித் தூக்குவதென்று அவளுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்ததே அவன்தான். "சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு மணி, அதத் தாண்டிப் போனா கிழிஞ்சிடும். பெருசா வர்ற சத்தத்தக் கூரைக்குக் கீழ அமுக்கிட்டு, சின்ன சத்தத்தத் தரையோட சேத்துத் தூக்கலாம். கொஞ்சமாத்தான். தரையத் தூக்கிகினே போனா நடுவுல மனுசன் நிமுந்து நிக்க எடமிருக்காது." இன்னொன்றும் சொல்லியிருந்தான். அசலைத் தொடாதே. நகல் எடுத்து, நகலில் வேலை பார்.

அதைத்தான் அவள் கேட்கவில்லை. மறந்துபோய் இல்லை. பென்டிரைவில் ரெண்டு பாட்டு இருந்தால் எதில் வருவானோ, எதில் வராமல் போவானோ… அந்தப் பயம். நேற்று அவன் வந்த பாட்டின் மேலேயே இன்றைய வேலையைச் செய்தாள். அதே பேர். பழையது அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பரவாயில்லை என்று தட்டினாள்.

ரெண்டாம் ராத்திரி மூச்சு கேட்டது. நாலாம் ராத்திரி சீட்டு ரெக்ஸின் நெரிகிற சத்தம், ஆள் சாய்ந்து உட்காருகிற மாதிரி. ஐந்தாம் ராத்திரி தெளிவாக, "மெதுவா போ… பள்ளம்" என்றான். மணிமொழி அழுதுகொண்டே சிரித்தாள். மெதுவாகப் போனாள்.

ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் கடைசியில், டக் டக். சரியில்லை.

"இன்னும் பத்தலையாங்க? நாளைக்கு இன்னும் தூக்குறேன்."

காலையில் வீரம்மாள் டீயை வைத்துவிட்டு நின்றாள்.

"தெனம் ராவுல எங்க போற?"

"வேன்ல கேட்டுப் பாக்கத்தான் அத்தை."

"அழுதுகினு வந்தா புரியுது. சிரிச்சுகினு வர்றியே. கீழ் வூட்டுக்காரி கேக்குறா, நான் என்னான்னு சொல்றது?"

"பாட்டு நல்லா வருதுன்னு சொல்லுங்க."

"அப்ப குடு."

"இன்னும் முடியல."

முடித்துவிட்டால் அவன் எதைத் திருத்த வருவான்? அதைக் கிழவியிடம் எப்படிச் சொல்வது?

எட்டாம் ராத்திரி. பாட்டு தொடங்கும் முன்பே அவன் இருந்தான்.

"மணி. மெதுவா போ. பள்ளம்."

வேன் கண்ணாடி அதிர்ந்தது. அவ்வளவு சத்தமா என்றால் அதுவும் இல்லை. எல்லாம் ஒரே சத்தம். 'மணி'க்கு எவ்வளவோ அவ்வளவுதான் 'பள்ள'த்துக்கும். நடுவில் வாங்குகிற மூச்சுக்கும் அவ்வளவே. பஸ் ஸ்டாண்டில் ஊர் பேர் வாசிப்பார்களே, அப்படி. வளவன் அவள் பேரைச் சொன்னால் 'ம'வில் ஒரு தயக்கம் இருக்கும்; 'ணி' பாதியிலேயே கரைந்துவிடும். அது எங்கே?

"என்னங்க… எம்மேல கோவமா?"

"மணி. மெதுவா போ. பள்ளம்."

"பள்ளம் தாண்டியாச்சுங்க."

"மெதுவா போ."

டக் டக் டக் டக் டக்… ரோடு முடிகிற வரைக்கும் அந்தத் தட்டு நிற்கவே இல்லை. ஈய வாசனை இல்லை. எந்த வாசனையுமே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் ராத்திரியிலிருந்து அவன் சொன்னது பத்தவில்லை என்று இல்லை. கூடிப்போச்சு என்று. விட்டுடு, தொடாதே என்று.

வீட்டுக்கு ஓடிவந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். முதல் நாள் அந்தப் பாட்டு திரையில் மேடும் பள்ளமுமாக இருந்தது. மூன்றாம் சரணத்தில் கோடு மாதிரி மெலிந்திருந்தது. இப்போது முதலிலிருந்து கடைசிவரை ஒரே கட்டை. அறுத்து வைத்த செங்கல். சத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள். சின்னச் செங்கலானது. அவ்வளவுதான். மெதுவாகச் சொன்னது வேறு, சத்தத்தைக் குறைத்தது வேறு என்று அவளுக்குத் தெரியாதா… தெரியும். நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள். பழைய ஃபைலைத் தேடினாள். அலமாரி, பை, அவன் சட்டைகள், கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய வயர் டப்பா… அசல் எங்கேயும் இல்லை. எட்டு ராத்திரி எட்டு தடவை, தன் கையாலேயே பரவாயில்லை என்று தட்டியிருக்கிறாள்.

விடிகிற வரைக்கும் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். கிழவி வந்து பார்த்தாள். தலைமாட்டுத் தலையணையைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு மூன்று ராத்திரி மணிமொழி வேனை எடுக்கவில்லை. திதிக்கு முந்தின நாள், இலையும் தேங்காயும் வாங்கி வைத்துவிட்டு, வீரம்மாள் புதுச் சேலை கட்டிக்கொண்டு படியிறங்கி வந்து வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எடு வண்டிய."

"எதுக்கு அத்தை?"

"நாளைக்கு நாலு சனத்தோட கேக்குறதுக்கு முந்தி நான் ஒருத்தியா கேக்கணும். சனத்துக்கு எதிர்ல நான் அழுவ மாட்டேன்."

"வேணாம் அத்தை. கெட்டுப்போச்சு. நான்தான்…"

"கெட்டா என்னா. எம்புள்ள பாடுனதுதானே? எடு."

எடுத்தாள்.

மணி பதினொன்று. மழை தூறிக்கொண்டிருந்தது. கிழவி முன்சீட்டில், கையை மடியில் கோத்துக்கொண்டு, கோயிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். மண்மேடு வந்ததும் மணிமொழி பாட்டைப் போட்டாள். கிழவி கண்ணை மூடினாள். முதல் சரணம் போனது. ரெண்டாவது போனது. மூன்றாவதில் அவன் கதவைத் திறந்தான். அம்மா தூங்குகிறாள், எழுப்பிவிடக் கூடாது என்று… கூவி விற்கிறவன் மாதிரி, அத்தனை பெரிய குரலில்.

பாட்டு முடிந்தது. கிழவி கண்ணைத் திறந்தாள். கண் காய்ந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்குது. கணீர்னு இருக்குது." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "அவன் பாடுனது எப்ப வரும்?"

மணிமொழி ரோட்டையே பார்த்து ஓட்டினாள்.

அப்போது பின்சீட்டில் ரெக்ஸின் நெரிந்தது. வைப்பர் ஒரு தடவை போய் வந்தது. இன்னொரு தடவை போய் வந்தது.

"அம்மா."

கிழவி அசையவில்லை.

"அம்மா. மணி. அம்மா. அம்மா."

எல்லாம் ஒரே அளவு. ஒரு அம்மாவுக்கும் அடுத்த அம்மாவுக்கும் முடியளவு வித்தியாசம் இல்லை. மணிமொழி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தாள். பெத்தவளுக்குத் தெரியாமலா போகும்… திரும்புவாள், வளவான்னு ஒரு வார்த்தை சொல்லுவாள், அது போதும் அவனுக்கு… என்று பார்த்தாள்.

வீரம்மாள் திரும்பவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், முன்பின் தெரியாத ஆம்பளை இருக்கிற இடத்தில் மூடிக்கொள்வார்களே, அப்படி. மருமகள் பக்கமாக நகர்ந்து, காதோடு காதாகக் கேட்டாள்.

"ஏம்மா… பின்னாடி ஒக்காந்துகினு வர்றது யாரு?"