தேருக்கு அடுத்த நாள்

சுவிட்சர்லாந்தில், எம்மன்புரூக்கே போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு சகோதரிகள். அக்கா லண்டன் ஹாரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். ஏறியதிலிருந்து ஹாரோ பேச்சுதான்.

“நாங்கள் போன காலத்திலை அங்கை ஒரு தமிழ்க்கடை இல்லை. முருங்கைக்காய்க்கு ரயில் ஏறவேணும். இப்ப எங்கட தேர் வந்தால் பஸ்ஸெல்லாம் நிண்டுதான் போகும்.”

“இஞ்ச தேருக்கு அடுத்த நாள் உடுப்புத் தோய்க்கிற மெஷின் எனக்குத்தான்,” என்றாள் தங்கை.

“அதென்ன பெருமை?”

“முழுக் கட்டிடத்துக்கும் ஒரு மெஷின் அக்கா, வீட்டுக்கு ஒரு நாள். தன்ரை நாளை ஒருத்தரும் விட்டுத் தரமாட்டினம். வந்த புதுசிலை, ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக் கூடாதெண்டு தெரியாமல் தோய்ச்சிட்டன். மேல்வீட்டு சுவிஸ் மனுசி முறைப்பாடு குடுத்தவ. இப்ப தேர் எப்ப எண்டு அவதான் முதல் கேட்டு, தன்ரை நாளை எனக்குத் தாறா.”

ஒரு தரிப்பிடம் கடந்தது.

“எங்கட வீட்டிலை மெஷின் குசினிக்கையே, அடுப்புக்குப் பக்கத்திலை நிக்குது,” என்றார் அக்கா. பிறகு, “சும்மாவோ தாறா?”

“சும்மா ஏன்? அவவும் சீலை உடுத்து வடம் பிடிக்க வாறவ. அந்தச் சீலையையும் சேர்த்துத்தான் தோய்க்கிறன்.”