குடியை விட வைத்த ஹார்மோன்

அக்கா: …அதெல்லாம் முடியாது. ரிசல்ட் வர்ற வரைக்கும் பிஸ்கட்ல கை வைக்காத.

தம்பி: ரத்தம்தான் எடுத்துட்டுப் போயிட்டாங்களே! இனிமே நான் என்ன தின்னாலும் அந்தக் குழாய்க்கு எப்படித் தெரியும்?

அக்கா: எனக்குத் தெரியும்டா.

தம்பி: தச்சன் என்னைக் கொண்டாந்து இரும்புக் கட்டில்ல போட்டிருக்கீங்க. திரும்பினா கிரீச்சு, புரண்டா கிரீச்சு…

அக்கா: பேச்சை மாத்தாத. குடிச்சுக் குடிச்சு கல்லீரலைக் கெடுத்த. கூடவே சர்க்கரையையும்…

நர்ஸ்: காலையிலயே ஆரம்பிச்சாச்சா ரெண்டு பேரும்? ரிசல்ட் வந்துடுச்சு. இன்சுலின் நல்லா இறங்கியிருக்கு.

தம்பி: ஐயையோ!

நர்ஸ்: உங்களுக்கு அது நல்லதுங்க. அடிபட்ட கல்லீரலுக்குக் காது மந்தம். இன்சுலின் சொல்றது ஏறல. அதனால கணையம் மேல மேல சுரந்துக்கிட்டே இருந்துச்சு. இப்போ கொஞ்சம் சொன்னாலே கேக்குது.

தம்பி: பாவம், எங்க அக்கா மாதிரியே கத்திக்கிட்டு இருந்திருக்கு.

அக்கா: கல்லீரல் மட்டும் உன்னை மாதிரியே!

நர்ஸ்: சரி சரி. கல்லீரல் தேறிக்கிட்டு வருது. அதை மாத்துற ஆபரேஷன் இப்போ தேவையில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது.

அக்கா: அப்பாடா…

தம்பி: அக்கா… அழுவுறியா?

அக்கா: கண்ணுல தூசி. நீ சிஸ்டருக்கு ஒழுங்கா பதில் சொல்லு, இனிமே குடிப்பியா?

தம்பி: அந்த ஆசையே போயிடுச்சு சிஸ்டர். கல்லீரல் ஒரு ஹார்மோனை அனுப்பி, மூளைகிட்ட 'போதும்டா'ன்னு சொல்லுதாமே. எல்லாம் அது பண்ண வேலை.

அக்கா: தொண்டை கிழியக் கத்தினவ நான். பேர் ஹார்மோனுக்கா?

நர்ஸ்: அப்படி ஒண்ணு இருக்கு. ஆனா குடிக்கிற எல்லாருக்கும்தான் அது ரத்தத்துல ஏறுது. அது மட்டும் போதும்னா இந்த வார்டுல ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்.

அக்கா: டேய்… அப்போ நெசமா எதுக்குடா விட்ட?

தம்பி: விடு அக்கா…

அக்கா: சொல்றியா, இல்ல காதைத் திருகவா?

தம்பி: ஆபரேஷன் பத்திப் பேசப் போன அன்னிக்கு டாக்டர் ரூம் கதவை நீ சரியா சாத்தல. 'என் கல்லீரல்ல வேணுங்கிறதை வெட்டி எடுத்துக்கோங்க, அவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க'ன்னு நீ சொன்னது கேட்டுச்சு… அதுக்கப்புறம் எப்படிக்கா குடிக்கிறது?