பாலேடு இல்லாத டீ

ஹாப்போ: பால் விக்கற மெஷினைப் பார்த்தாச்சு, சோதனைக்குப் பாலை பாட்டில்ல பிடிச்சாச்சு. ‘காய்ச்சிக் குடிக்கவும்’னு போர்டும் கொட்டை எழுத்துல தொங்குது. இன்னும் என்ன டாக்டரம்மா?

டோம்கே: ஒரு டீ குடுக்க மாட்டீங்களா?

ஹாப்போ: அட, உட்காருங்க. கார்ல இருக்கற ஆளையும் கூப்பிடுங்களேன்.

டோம்கே: டிரைவர்தான். இருக்கட்டும்.

ஹாப்போ: மாட்டு டாக்டருக்கு டிரைவரா! ஜில்லா ஆபீஸ்ல கொழுப்பு கூடிப்போச்சு.

டோம்கே: கிண்டல் அப்புறம். போன செவ்வாக்கிழமை பாலர் பள்ளிப் பிள்ளைங்க தொழுவம் பார்க்க வந்தாங்களே...

ஹாப்போ: வந்தாங்க, கன்னுக்குட்டியைத் தடவுனாங்க, போனாங்க.

டோம்கே: பச்சைப்பால் குடுத்தீங்களா?

ஹாப்போ: எனக்கென்ன சட்டம் தெரியாதா? மெஷின் பக்கத்துல ஒரு டம்ளர் வச்சாலே நீங்க அபராதம் போடுவீங்க.

டோம்கே: ரெண்டு பிள்ளைங்க ஆஸ்பத்திரியில கெடக்கு, ஹாப்போ. வயித்தால போறதுல ரத்தம்.

ஹாப்போ: கேள்விப்பட்டேன்... கன்னுக்குட்டியைத் தொட்டுட்டுக் கை கழுவாம விட்டிருக்கும்.

டோம்கே: இருக்கலாம்... கொடியில என்ன, ஆறு விரிப்பு? எல்லாம் சின்னக் கட்டிலோடது.

ஹாப்போ: பூனை... பூனை அசிங்கம் பண்ணிடுச்சு.

டோம்கே: ஆறு தடவையா?

ஹாப்போ: பாலைப் பார்க்க வந்தீங்களா, துவைச்ச துணியைப் பார்க்க வந்தீங்களா? இந்தாங்க டீ. குடிச்சிட்டுக் கிளம்புங்க.

டோம்கே: மூணு கோப்பை குடிக்காம எழுந்தா நம்ம ஃப்ரீஸ்லாந்துல மரியாதையா? ...பாலேடு எங்க?

ஹாப்போ: தீர்ந்துபோச்சு.

டோம்கே: நாப்பது மாடு கட்டியிருக்கற வீட்லயா?

ஹாப்போ: தீர்ந்துபோச்சுன்னு சொல்றேன்ல!

டோம்கே: அடியில கற்கண்டு, மேல டீ, அதுக்கு மேல பாலேடு. இழவு வீட்லகூட நம்ம ஆளுங்க வெறும் டீ குடுக்க மாட்டாங்க. உங்க கோப்பையிலயும் ஒரு சொட்டு இல்ல. உங்க பாலைத் தொட உங்களுக்கே பயமா இருக்கு.

ஹாப்போ: மெதுவா பேசுங்க...

டோம்கே: ஏன், மாடியில யாரு தூங்கறா?

ஹாப்போ: யாரும் இல்ல... மெஷினை மூடிடுவீங்க. பேப்பர்ல பேர் வரும். ஊர்ல ஒருத்தன் என் முகத்துல முழிக்க மாட்டான்.

டோம்கே: மூடத்தான் போறேன், இன்னிக்கே. அதை விடுங்க. எத்தனை பிள்ளைங்களுக்குக் குடுத்தீங்க?

ஹாப்போ: ஒன்பது. கறந்த சூட்டோட, ஆளுக்கு அரை டம்ளர். உதட்டு மேல நுரை ஒட்டி, மீசை மீசைன்னு சிரிச்சுதுங்க... நானும் அப்படிக் குடிச்சு வளர்ந்தவன்தானே! எனக்கு ஒண்ணும் ஆகலையே!

டோம்கே: எட்டு வீட்டுக்குப் போன் பண்ணி விசாரிச்சாச்சு. ஒன்பதாவது பிள்ளைக்கு மட்டும் ‘சளி, லீவு’ன்னு அவங்க அப்பா பள்ளிக்குச் சொல்லியிருக்கார். மூணு நாளா. உங்க ஃபென்னா எப்படி இருக்கா?

ஹாப்போ: அவ அம்மா மடியிலதான் கெடக்கா. அவளுக்கும் ரத்தம்தான் போச்சு... நேத்து சாயங்காலத்துலேருந்து ஒண்ணுக்கே போகல. கண்ணைத் திறக்க முடியாம முகம் வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரின்னா ‘என்ன குடுத்தே’ன்னு கேப்பாங்களே... அதுக்கு பயந்துட்டு எம்பொண்ணை... டோம்கே, நீ மாட்டு டாக்டர்மா, உன்னால ஆகாது. பிள்ளை டாக்டர் யாரையாவது கூப்பிடு! உடனே கூப்பிடு!

டோம்கே: கார்ல இருக்கறது டிரைவர் இல்ல ஹாப்போ, குழந்தை டாக்டர்தான். அவரைக் கண்டா கதவைச் சாத்திடுவீங்கன்னுதான் அங்கயே உட்கார வச்சேன். போய்க் கூட்டிட்டு வாங்க, நான் மாடிக்குப் போறேன்.