நசுங்காத எலுமிச்சம்பழம்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உரிமையாளர். மற்றவர் அவர் கையோடு அழைத்துச் செல்லும் மெக்கானிக். உரிமையாளரின் முதல் வாக்கியத்திலேயே நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

“சக்கரத்துக்கு வச்ச எலுமிச்சம்பழம் நசுங்கவே இல்ல அண்ணாச்சி. பூசை முடிஞ்சு வண்டிய எடுத்தா, கியர் கரகரன்னு கத்துது, விழ மாட்டேங்கு. அபசகுனம், உடனே வித்துருங்கன்னு வீட்ல ஒத்தக்கால்ல நிக்கா. நாளைக்கு வாங்க ஆள் வாரான்.”

“கிளட்ச் பெடல் எப்படி இருக்கு?”

“மிதிச்சா பொதுக்குன்னு தரைக்குப் போயிருது.”

“விடாம நாலஞ்சு தடவ மிதிச்சா?”

“எந்திரிக்கு. கியரும் விழுது. செத்த நேரத்துல பழையபடி படுத்துருது.”

“எங்கயும் ஆயில் ஒழுகுதா?”

“ஒரு சொட்டு இல்ல.”

“அப்ப சீல் போயிருக்காது. பைப்புல காத்து புகுந்திருக்கு. அது தானா புகாதே. கிளட்ச் ஆயில் டப்பாவ யாரு தொட்டா?”

உரிமையாளர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பூசைக்கு எல்லாத்தையும் தொடச்சேன். அதையும் கழத்திக் கழுவி, சந்தனம் வச்சு, புது ஆயில் ஊத்துனேன்.”

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் நடத்துநரே திரும்பிப் பார்த்தார்.

“அரை மணி வேல. காத்த எடுத்துட்டா ஓடும். வீட்ல உள்ளதச் சொல்லிரும்.”

“சொன்னா என்னையும் சேத்து வித்துருவாளே!”

“சொல்லலைன்னா வண்டி மட்டும் போகும்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் உரிமையாளர் அலைபேசியை எடுத்துவிட்டார்.

“ஏட்டி, அந்த ஆள வர வேண்டாம்னு சொல்லு. சகுனம் ஒண்ணுமில்ல, எல்லாம் நான் பாத்த வேலதான்.”