விளக்கு வைக்கும்வரை

இந்த மின்விசிறி சத்தமே போடாமல் சுற்றுகிறதே என்றுதான், உள்ளே வந்து உட்கார்ந்ததும் எனக்குள் நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் சத்தம் போடாத பொருள் எதுவும் கிடையாது மேடம்.

வீடு மூங்கில்துறைப்பட்டுச் சாலையை ஒட்டியிருக்கிறது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்காரர்கள் தண்ணீர் கேட்டு நிற்பார்கள். அவர்கள் கிளம்பினால் வெட்டாட்கள் வருவார்கள். என் வீட்டுக்காரர் தனசேகரனுக்கு ஊரெல்லாம் சிநேகம். அவருடைய அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே அடுப்பு. யாரையும் குறை சொல்லவில்லை. எல்லோரும் நல்லவர்கள். குளிக்கப் போய்க் கதவைச் சாத்தினால், வெளியே நின்று பேச்சுத்துணை கொடுக்கிற அளவுக்கு நல்லவர்கள்.

ஒருமுறை எல்லோருமாக வேன் வைத்துக் கல்வராயன் மலைக்குப் போனோம். அவர்கள் அருவியில் ஆடிக்கொண்டிருந்தபோது நான் ஒரு சாமைக் கொல்லைப் பக்கம் நடந்தேன். அங்கே யாருமில்லை. என் மூச்சு எனக்குக் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அதை நான் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

திரும்பும்போது வேனில் ஒரு பொய் சொன்னேன். மலைமேல் இருக்கிற அம்மனிடம் வேண்டிக்கொண்டுவிட்டேன், இனி வெள்ளிதோறும் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை பேசமாட்டேன் என்று. எனக்காகக் கேட்டிருந்தால் அரைமணி நேரம்கூடத் தந்திருக்கமாட்டார்கள். சாமிக்கு என்றதும் ஒரு பகலையே தூக்கிக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கரும்புக் கொல்லைக்குப் போய் மோட்டார் கொட்டகை நிழலில் உட்காருவேன். கரும்புத் தோகை உரசும். அவ்வளவுதான். யாராவது எதையாவது கேட்டு வந்தால் தலையை ஆட்டுவேன். ஆமாம், இல்லை, இரண்டுக்கும் தலை போதும். அந்த ஒரு பகல் இருந்ததால் மற்ற நாளெல்லாம் சிரித்த முகமாக இருந்தேன். வீட்டில் மெச்சிக்கொண்டார்கள்.

பிறகு அமிர்தம் அக்கா கொல்லைக்கு வர ஆரம்பித்தாள். என் ஓரகத்தி. எனக்கு டைபாய்டு வந்தபோது பக்கத்திலேயே கிடந்து கஞ்சி ஊட்டியவள்.

"இன்னாடி சந்தியா, ஒத்தையா உக்காந்துக்கினு கெடக்க? பாக்கவே பாவமா கீது. நீ பேசாத தாயி, உன் வெரதத்த நான் கெடுப்பனா? நான் பேசிக்கினு இருக்கேன், நீ கேட்டுக்கினு இரு."

வெள்ளிதோறும் வந்தாள். பக்கத்து வீட்டுக் குழம்பு, சின்னசேலத்தில் எடுத்த புடவை, அவள் மகன் சுபாஷுக்குப் பார்த்த பெண்ணின் மூக்கு. மற்ற நாளென்றால் வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமை எனக்கு வாயும் இல்லை, வேலையும் இல்லை. ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்புடறா பாரு! நான் இன்னா மாரியாத்தாவா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு வியாழக்கிழமை வாய்விட்டே சொன்னேன். "அக்கா, நாளைக்கு நான் தனியா இருந்துக்கறேன்."

"தனியா இன்னாத்துக்குடி? நான் இருக்கிற வரைக்கும் உன்ன தனியா வுட்டுடுவனா?"

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்.

அடுத்த நாள் காலை என் வீட்டுக்காரர் கொட்டகைக்கு வந்தார். "ஸ்டார்ட்டர் பொட்டி ஷாக் அடிக்குது. மெக்கானிக் நாளைக்குத்தான் வராராம். நீ இங்கதான இருக்கப் போற? ஒருத்தரயும் கிட்ட வுடாத," என்றார். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கலாம். கரும்பு லோடு கிளம்புகிற அவசரம். பேசாதவளிடம் எச்சரிக்கையை ஒப்படைத்துவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிப் பழகியவர்கள். நான் தலையை ஆட்டினேன்.

மதியம் அக்கா துணி மூட்டையோடு வந்தாள். தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. துணியை நனைத்தபடி பெண்ணின் மூக்கிலிருந்து ஆரம்பித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். முழங்கை வரைக்கும் ஈரம்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொண்டுவிட்டீர்கள். "வெரதம்னா கூட, வேணாம்னு தலையாட்டியிருந்தா போதுமேம்மா," என்று கேட்டீர்கள். சரியான கேள்விதான்.

அவள் கேட்காமல் போகவில்லை மேடம். கொட்டகை வாசலில் நின்று திரும்பி, "தண்ணி பத்தல. மோட்டார போடட்டாடி?" என்றாள்.

நான் தலையாட்டினேன். போடு என்று.

பிறகு தோகைச் சத்தம் கேட்டது. என் மூச்சும் கேட்டது. விளக்கு வைக்கும் நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

விபத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் விட்டிருப்பேன். ஆனால் துக்கத்துக்கு வந்த பெண்கள் திரும்பிப் போகவில்லை. பாவம், கண்ணெதிரே அமிர்தம் செத்துட்டா, இவளைத் தனியா வுடக் கூடாது என்று முறை வைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்தார்கள். அதனால்தான் நானே பஸ் ஏறி இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

சற்று முன்னால் என் வீட்டுக்காரர் வந்து அழுதுவிட்டுப் போனார். "சாமிக்குப் பயந்துக்கினு பேசாம இருந்துட்டன்னு சொல்லிடு. ஊரு நம்பும்," என்றார். சொல்லமாட்டேன் என்றேன். அம்மனுக்கு இதில் பங்கில்லை. அந்தப் பகல் என்னுடையது. அதை நான்தான் காப்பாற்றினேன்.

நாளைக் காலை கள்ளக்குறிச்சியில் மாஜிஸ்திரேட் முன்னால் இதையெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். வேறு எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன், ஒரு வார்த்தை மாற்றமாட்டேன்.

நாளைக்கு முடியாது மேடம். வெள்ளிக்கிழமை. அம்மனுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறமாட்டேன்.