பாராட்டி எழுதியது நான்தான்

காலைக் காபியில் முட்டையின் மஞ்சள்கருவைப் போட்டுத் தருகிற கடைகள் அப்போது சுங்முரோவில் நிறைய இருந்தன. சியோலின் சினிமாக்காரர்கள் எல்லோரும் அந்தத் தெருவில்தான் கிடப்பார்கள். பத்திரிகை விமர்சகர்களான எங்களுக்கும் ஒரு கடையில் மூலை மேசை உண்டு.

அந்த மேசையில் வாய்விட்டுப் பேசாத ஓர் ஏற்பாடு இருந்தது. நாட்டுப்புறக் காதல் கதை படமாக வந்தால் உடையழகு, பனிக்காட்சி, கதாநாயகியின் கண்ணீர், இவ்வளவுதான் எழுதுவோம். அந்தக் கதைகளில் ஏழைப் பெண்ணைச் சிறையில் தள்ளுகிற கொடுங்கோல் அதிகாரி ஒருவன் தவறாமல் வருவான். அவனைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டோம். நாட்டை ஆண்டவருக்கு எல்லாக் கெட்டவனும் தன் சாயலில் தெரிகிற காலம் அது. எங்கள் விமர்சனங்கள் சப்பென்று இருப்பதாக வாசகர்கள் சிரித்தார்கள். அதனால்தான் பல பேர் வீட்டில் தூங்க முடிந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இயக்குநர் தாக் இன்சோல் எனக்குத் தம்பி மாதிரி. படகோட்டி மகளின் கதையை அவன் எடுத்தான். அதே கதைக்காக நான் தயாரிப்பாளர்களின் வாசலில் பல வருடம் நின்றிருக்கிறேன்; ஒருவரும் சீண்டவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பத்திரிகையாளர் காட்சியில், ஆற்றுப் பனி உடையும்போது அவள் பாடுகிற இடத்தில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த, எங்கள் மேசை விமர்சகர் மேங் கைக்குட்டையை நீட்டினார்.

"என்னய்யா, நீ எடுத்த படம் மாதிரி அழுவுற?"

அலுவலகத்துக்குப் போய் மனதாரப் பாராட்டி எழுதினேன். முடிவில் ஒரு வரி சேர்த்தேன்: 'அந்த அதிகாரி யாரென்று நம் எல்லோருக்கும் தெரியும்; இயக்குநரின் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன்.'

இன்சோலைக் கூட்டிப் போனார்கள். என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். இயக்குநர் சொல்ல வந்ததைத்தான் எழுதினேன் என்றேன். பார்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மேங் அதற்குப் பிறகு எங்கள் மேசைக்கு வரவில்லை. தெருவில் ஒருமுறை நிறுத்தி, "அவன் வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கேய்யா" என்றார். நல்ல படத்தை நல்ல படம் என்று சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

இன்சோல் திரும்பி வந்தபோது அவன் விரல்களில் உணவுக் குச்சி நிற்கவில்லை. மனைவி ஓக்புன்தான் ஊட்டினாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"அண்ணே, அந்த அதிகாரி நெசமாவே உங்களுக்கு அப்படித் தெரிஞ்சானா? நான் வெறும் காதல் கதைதானே எடுத்தேன்."

"உனக்கே தெரியாம வந்திருக்குடா. பெரிய கலைஞனுக்குத்தான் அப்படி வரும்."

அவன் முகம் மலர்ந்தது. வசந்தம் வருவதற்குள் போய்விட்டான். சவத்துக்கு முன்னால் விழுந்து வணங்கியபோது நான் நிஜமாகவே கதறினேன்.

இப்போது அந்தப் படத்தைத் தேடிப்பிடித்துக் கொண்டாடுகிறீர்கள். அன்றைக்கே அதன் பெருமையைச் சொன்னவன் நான் ஒருவன்தான் என்கிறீர்கள். விழாவில் ஓக்புன் இரண்டு கையாலும் எனக்கு மது ஊற்றி, "நீங்கதான் அவரைப் புரிஞ்சிக்கிட்டீங்க" என்றாள். வாங்கிக் குடித்தேன்.

கேட்பதால் சொல்கிறேன். அந்தப் படத்தில் அப்படி எதுவும் கிடையாது. அதிகாரியாக வந்தவர் தொப்பை போட்ட ஒரு பழைய நாடக நடிகர். அவரைப் பார்த்தால் யாருக்கும் யாரும் நினைவுக்கு வர மாட்டார்கள். படத்தில் குறையே இல்லை. நான் தேடிப் பார்த்தேன். சின்னதாக ஒரு குறை கிடைத்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அவனை நான் பாராட்டியிருக்கவே மாட்டேன்.